ஆம்பூரில் விடுபட்ட அரைக்கால்

‘ஒரு கணக்கைச் செய்தவரே அதைச் சரிபார்த்தவராக இருக்கக் கூடாது. செய்தவர் நீல மையிலும் பார்த்தவர் சிவப்பு மையிலும் சுருக்கொப்பம் இட வேண்டும். இரண்டு ஒப்பமும் ஒரே கையால் இடப்பட்டிருந்தால் அந்தத் தாள் சரிபார்க்கப்படாத தாளாகவே கொள்ளப்படும்.’

கொழும்பில் நான் முப்பத்திரண்டு வருடம் உத்தியோகம் பார்த்த அலுவலகத்தின் உள்விதி இது. கடைசி வாக்கியத்தை எழுதிச் சேர்த்தவன் நானே. அதற்காக என்னைப் பாராட்டிய ஒரு குறிப்பும் என் கோப்பில் கிடந்தது. ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்கு வந்த பின் அந்த விதி என் வீட்டுக்குள்ளும் செல்லும் என்று நான் நினைக்கவில்லை. செல்லாது என்றும் அதில் எங்கும் எழுதவில்லை.

1978 ஐப்பசியில் தம்பி பாலனை வேலூருக்குக் கொண்டு போனேன். கணித வாத்தியார், கலியாணம் செய்யாதவன். சர்க்கரை வியாதி முதலில் கண்களை வாங்கியது, பிறகு சிறுநீரகத்துக்கு வந்தது. அறுவை சிகிச்சை வேலூரில்தான் செய்ய வேண்டும் என்று எங்கள் ஊர் வைத்தியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இந்தியக் கரையில் ஒரு சுங்க உத்தியோகத்தர் தம்பியின் பெட்டியிலிருந்த பதினொரு அப்பியாசக் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்து, “இவ்வளவு கணக்கா? என்ன வியாபாரம்?” என்று கேட்டார். வியாபாரம் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் அவருக்குச் சந்தேகமே வந்தது.

வேலூரில் முதல் நாள் முழுவதும் ஆஸ்பத்திரியில் போயிற்று. ஒரு சீட்டு எந்த மேசையில் பிறந்து எந்த மேசையில் அடங்குகிறது என்பதை இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாவது மணியில் மற்றவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். குடியாத்தத்திலிருந்து மனைவியைக் கூட்டி வந்திருந்த ஒரு லுங்கி நெசவாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சார் இங்கயே வேலை பாக்கறீங்களா?”

“இல்லை. நோயாளியோடு வந்தவன்.”

“அப்போ இன்னா இவ்ளோ கரெக்டா சொல்றீங்க? நான் மூணு நாளா சுத்தறேன். பேச்சைப் பாத்தா மலையாளம் மாதிரி இருக்குது.”

யாழ்ப்பாணம் என்றேன். “அதான பாத்தேன், மலையாளம்தான்” என்று முடித்துவிட்டார். வேலூரில் இருந்த நாட்களில் ஐந்து பேர் என்னை மலையாளி ஆக்கினார்கள். ஆறாவது ஆளிடம் நானே ஒப்புக்கொண்டேன்.

சாப்பாடு ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில். இட்டிலியும் சாம்பாரும் காலையில் நன்றாகத்தான் இருந்தன. மத்தியானம் சோற்றோடு அதே சாம்பார் வந்தது. மாலையில் தோசையோடும் அது வந்தபோது அதன் விடாமுயற்சியை மதிக்கத் தொடங்கினேன். எங்கள் ஊர்க் குழம்பின் உறைப்புக்குப் பழகிய நாக்கு, இங்கே எல்லாம் ஒரு படி அடக்கி வாசிப்பதாக உணர்ந்தது. கடைக்காரர் பச்சை மிளகாய் இரண்டைத் தனியே கொண்டு வந்து வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதை நின்று பார்த்தார்.

இரண்டாம் நாள் வைத்தியர் திகதி குறித்தார்: வருகிற செவ்வாய்க்கிழமை. அவர் போன பிறகு தம்பி என்னைக் கட்டிலுக்கு அருகே கூப்பிட்டான்.

“அண்ணை, ஆம்பூர் இஞ்சையிருந்து கிட்டத்தானே?”

நான் எதிர்பார்த்திருந்த கேள்விதான். வேலூரைத் தேர்ந்தெடுத்ததில் வைத்தியர்களுக்கு ஒரு காரணமும் தம்பிக்கு இன்னொரு காரணமும் இருந்தன.

தம்பியின் கணக்கை, எனக்குப் புரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். ஒரு முழு எண்ணை எடுக்க வேண்டும். அதை அதனாலேயே பெருக்கி, ஒரு குறித்த எண்ணைக் கழித்து, வேறொரு குறித்த எண்ணால் வகுக்க வேண்டும். மீதி வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. வராவிட்டால் விடையை எடுத்து மறுபடி அதே வேலை. கழிப்பது இருபத்தொன்பது, வகுப்பது நான்கு என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் ஒன்றிலிருந்து புறப்படுகிறோம். எங்கள் பள்ளிக்கூடங்களில் அதைச் சய ஒன்று என்போம். ஒன்றில் இருபத்தொன்பது போனால் மைனஸ் இருபத்தெட்டு, வகுத்தால் மைனஸ் ஏழு. நாற்பத்தொன்பதில் இருபத்தொன்பது போனால் இருபது, வகுத்தால் ஐந்து. இருபத்தைந்தில் இருபத்தொன்பது போனால் மைனஸ் நான்கு, வகுத்தால் மைனஸ் ஒன்று. புறப்பட்ட இடத்துக்கே மூன்றாம் அடியில் வந்தாயிற்று.

கழிப்பதையும் வகுப்பதையும் மாற்றி மாற்றிப் பார்த்தால், ஓரடியில் திரும்புவது உண்டு, இரண்டடியில் உண்டு, மூன்றடியில் அருமையாக, எப்போதாவது, உண்டு. நான்காம் அடியில் திரும்புவது ஒன்றாவது உண்டா? இதுதான் தம்பியின் கேள்வி. கண் இருந்த காலத்தில், கழிக்கும் எண்ணுக்கு ஒரு எல்லை வைத்துக்கொண்டு, வகுக்கும் எண் நூறு வரை எல்லாவற்றையும் அந்தப் பதினொரு கொப்பிகளிலும் செய்து பார்த்திருந்தான். ஒன்றுகூட இல்லை. நூறைத் தாண்டியபோது கண் போய்விட்டது.

அப்போதுதான் ஒரு கணித சஞ்சிகையின் வாசகர் பக்கத்தில் ஆம்பூர் தேவசகாயம் அறிமுகமானார். தோல் பதனிடும் தொழிற்சாலையில் அளவு எழுதுகிற குமாஸ்தா. பெருக்கலிலும் வகுத்தலிலும் சலிக்காத மனிதர். தம்பி சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதுவேன். தேவசகாயம் நூறுக்கு மேலே உள்ளவற்றை வேலை முடிந்த மாலைகளிலும், ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்த பிறகும் போட்டுப் பார்ப்பார். நாலு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் ஒரு வரிசை வந்தது. வகுக்கும் எண் நூற்று முப்பத்தேழு. நான்காம் அடியில் திரும்புகிறது. கீழே ‘சரிபார்த்தேன், தே.’ என்று எழுதியிருந்தது.

தம்பி கட்டுரை சொன்னான், நான் தட்டச்சு செய்தேன், கடல் கடந்த ஒரு சஞ்சிகைக்கு இருவர் பெயரிலும் அனுப்பினோம். ஆசிரியர் பதில் எழுதியிருந்தார்: சரியானால் பெரிய விஷயம்; அந்த ஒரு வரிசையின் முழுச் செய்கையையும், அடிக்கு அடி போட்ட கணக்கை, அனுப்பினால் அச்சிடலாம். அந்தச் செய்கை ஆம்பூரில் இருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு முன் அது தன் கைக்கு வந்து, உறையில் இட்டு ஒட்டப்பட வேண்டும். தம்பிக்கு வேண்டியது அது ஒன்றுதான். சிகிச்சையில் உள்ள ஆபத்தை வைத்தியர் அவனிடம் மறைக்கவில்லை.

“செய்கையை வாங்கி வாறன்” என்றேன்.

“அந்த மனிசனையும் ஒருக்காப் பாத்து வாங்கோ. நாலு வருசம். குரல்கூடத் தெரியாது.”

மூன்றாம் நாள், சனிக்கிழமை, பஸ் ஏறினேன். எங்கள் ஊரில் ஆறு கிடையாது. ஆறு என்றால் தண்ணீர் என்று பாடப்புத்தகத்தை நம்பி வளர்ந்தவன் நான். வழி நெடுகப் பாலாறு மணலாகக் கூடவே வந்தது. விரிஞ்சிபுரத்துக் கோபுரம் ஒரு பக்கம் தெரிந்து மறைந்தது. மாதனூருக்குச் சற்று முன்னால் பஸ்ஸின் வயிற்றில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. நடத்துனர் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

“எல்லாம் எறங்குங்க. ஆக்சில் போய்ட்டுது.”

வழியில் பயணம் தடைப்பட்டால் சீட்டின் பின்பக்கத்தில் காரணம் எழுதி ஒப்பமிட்டுத் தரவேண்டும், அடுத்த பஸ்ஸில் அதைக் காட்டலாம் என்றேன்.

“எழுதித் தர்றதா? இன்னான்னு எழுதறது? பஸ் செத்துப்போச்சுன்னா?”

“அப்படியே எழுதுங்கள். இடமும் நேரமும் போதும்.”

அவர் எழுதவில்லை. அடுத்த பஸ்ஸும் வரவில்லை. வந்தது காலணித் தொழிற்சாலையின் கம்பெனி பஸ். மாதனூர்ப் பக்கத்துப் பெண்களை வேலைக்கு ஏற்றிப் போவது. வெளியாட்களை ஏற்றக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருந்தது. அதற்குக் கீழே நின்றுகொண்டு ஓட்டுநர் என்னைக் கைகாட்டி ஏறச் சொன்னார். விதியை மீறி ஒருவர் உபகாரம் செய்யும்போது எங்கே பார்ப்பது என்று எனக்கு எப்போதும் தெரிவதில்லை. பெண்கள் இடம் விட்டார்கள்.

“எங்க போறீங்க சார்?”

தொழிற்சாலைப் பெயரைச் சொல்லி, அளவு எழுதும் தேவசகாயம் என்றேன்.

“அளவு தேவா அண்ணனா! எங்க ஊட்டுக்காரர் அங்கதான் வேலை. கால் அடிக்குக் கீழ ஒரு பொட்டு எழுத மாட்டாரு அவரு.”

“கஞ்சமா?” என்று பின் வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“கஞ்சம் இல்லடி, கணக்கு. தோலு திரும்பி வந்துட்டா உங்கப்பனா பதில் சொல்லுவான்?”

பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். காதில் விழுந்த செய்தி கருத்தில் ஏறாமல் போகிற அனுபவம் அலுவலகத்தில் எனக்கு நிறைய உண்டு.

ஆம்பூரை மூக்குதான் முதலில் அறிந்தது. கருவாடு காயும் கரையோரத்தில் வளர்ந்தவனுக்கு எந்த நாற்றமும் பெரிதல்ல என்று நினைத்திருந்தேன். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் சேர்ந்த அந்த வாடை என்னைத் திருத்தியது. பத்து நிமிடத்தில் பழகிவிடும் என்றார், பாலனின் அண்ணன் என்று சொல்லி அனுப்பியதும் வாசலுக்கு ஓடி வந்த தேவசகாயம். அவருக்கு எத்தனை நாளில் பழகியது என்று கேட்டேன்.

“எனக்கு வீட்டுக்குப் போனாத்தான் சார் ஏதோ கம்மியா இருக்கிற மாதிரி இருக்கும்.”

நாற்பத்தைந்து வயது, ஒல்லி, சட்டைப்பையில் இரண்டு நீலப் பென்சில். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பாலன் சார் கையெழுத்து மாதிரி நான் பாத்ததே இல்ல. அச்சு மாதிரி இருக்கும்” என்றார். அது என் கையெழுத்து. சொல்வதற்குள் கொட்டகையின் மேற்பார்வையாளர் கரீம் பாய் வந்துவிட்டார்.

“தேவா, இவருதான் உன் சிலோன் தோஸ்தோட அண்ணனா? சாயந்திரம் வரைக்கும் உன் வேலைய நான் பாக்கறேன், போ. சார், இவன் பேரு வெளிநாட்டுல அச்சுல வருதாமே? கடைத்தெரு பூரா சொல்லிட்டேன்.”

“நீங்க ஏன் பாய் சொன்னீங்க?” என்று தேவசகாயம் நெளிந்தார்.

“பின்ன நீயா சொல்லப்போற?”

அளவு எழுதும் இடத்தைக் காட்டினார்கள். ஒரு பக்கம் தோலை மெஷினுக்குள் தள்ளுகிறார்கள். மேலே வட்டத்தட்டில் முள் ஓடி நிற்கிறது. தேவசகாயத்தின் இடத்தில் நின்றவர் அதைப் பார்த்துத் தோலின் உள்பக்கத்தில் சதுர அடியும் காலும் எழுதுகிறார்: ஏழே கால், ஆறரை, எட்டே முக்கால். மூச்சு விடுகிற நேரத்துக்கு ஒரு தோல்.

மத்தியானம் பிரியாணி வரவழைத்தார் கரீம் பாய், கத்தரிக்காய்த் தொக்கும் தயிர்ப் பச்சடியும் கூட. நான் சனிக்கிழமைகளில் மரக்கறிதான் என்றேன். “ஆம்பூருக்கு வந்து பிரியாணி வாணான்ற ஆளை இப்பதான் சார் பாக்கறேன்” என்று சொல்லி, எனக்காகத் தயிர்சோறுக்கு ஆள் அனுப்பினார். அது வரும்வரை இருவருமே இலையில் கை வைக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு தேவசகாயம் பழுப்புக் காகிதம் ஒன்றை விரித்தார். நூற்று முப்பத்தேழு பெரிய கணக்கு, எனக்குப் புரியும்படி முதலில் ஒரு சின்னதில் காட்டுகிறேன் என்றார்.

“கழிக்கறது எண்பத்தொம்பது, வகுக்கறது எட்டுன்னு வச்சுக்கங்க சார். மைனஸ் ஒம்பதுல ஆரம்பிக்கறேன். எண்பத்தொண்ணுல எண்பத்தொம்பது போனா மைனஸ் எட்டு, வகுத்தா மைனஸ் ஒண்ணு. ஒண்ணுல எண்பத்தொம்பது போனா மைனஸ் எண்பத்தெட்டு, வகுத்தா மைனஸ் பதினொண்ணு. நூத்தி இருபத்தொண்ணுல எண்பத்தொம்பது போனா முப்பத்திரண்டு, வகுத்தா நாலு. பதினாறுல எண்பத்தொம்பது போனா மைனஸ் எழுபத்திமூணு, வகுத்தா மைனஸ் ஒம்பது. பாருங்க, நாலாவது அடியில வீடு வந்துட்டுது.”

பார்த்தேன். அழகாக இருந்தது. அதுவே என்னை உறுத்தியது. எட்டு நூறுக்குக் கீழ்ப்பட்ட எண். நூறு வரை ஒன்றுமே இல்லை என்று தம்பி பதினொரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறானே?

அவருடைய பென்சிலைக் கேட்டு வாங்கினேன். கடைசி வரியை மட்டும் என் கையால் போட்டேன். எட்டொன்பது எழுபத்திரண்டு. ஒன்று மீதி. மைனஸ் ஒன்பதல்ல, மைனஸ் ஒன்பதே அரைக்கால்; அரைக்கால் என்பது எட்டில் ஒன்று.

“மீதி ஒன்று வருகிறதே?”

“அரைக்கால்தான சார்.” சொல்லிவிட்டு அவர் அப்படியே நின்றார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ உரக்க ஆறே கால் என்றார்கள்.

“கால் அடிக்குக் கீழ நாங்க எழுதறதில்ல சார்” என்றார் தேவசகாயம், என்னிடம் அல்ல, காகிதத்திடம். “எழுதினா அங்க வாங்கறவன் அளக்கும்போது கம்மியாவும். சரக்கு திரும்பிடும். கால் இருந்தா எழுதுவேன், காலுக்குக் கம்மின்னா கை விட்டுடும். இருபது வருஷமா விட்டுடுது.”

தம்பிக்காகப் போட்ட கணக்குகளை எழுதி வைத்திருந்த பேரேட்டை எடுத்து வந்தார். நூற்று முப்பத்தேழைக் கண்டுபிடித்து இருவருமாகப் போட்டோம். மூன்று அடி சுத்தம். நான்காம் அடியில் மீதி இருபத்தொன்று. நூற்று முப்பத்தேழில் காலுக்குக் குறைவு. பக்கத்தில் ஒரு சிறு சரிக் குறி.

“இதைச் சரிபார்த்தது யார்?”

“நான்தான் சார். சாயங்காலம் போட்டேன், காலையில எழுந்து பாத்தேன். ரெண்டு தடவையும் வந்துச்சு.” பிறகு தலையைத் தூக்கினார். “ஆனா பாலன் சார் பாத்திருப்பாரே? அவர் கண்ணுக்கு இது தப்பாதே?”

தம்பிக்குக் கண் தெரியாது என்பதை அப்போதுதான் சொன்னேன். நாலு வருடக் கடிதங்களும் என் கையெழுத்து என்றேன். வியாதியைப் பற்றி எழுத வேண்டாம் என்பது தம்பியின் கட்டளை. கணக்குக்கு அது சம்பந்தமில்லை என்பான்.

தேவசகாயம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு வரி எழுதியிருந்தா வேற ஒருத்தரை வச்சுப் பாத்திருப்பேனே சார். அங்க அவர் பாக்கறாருன்னு நம்பித்தான நான் அனுப்பினேன்.”

அவர் அறியாத இன்னொன்றும் இருந்தது. கட்டுரையைத் தட்டச்சு செய்த அன்று தம்பி என்னிடம், “அண்ணை, அந்த வரிசையைப் பாத்தனீங்களே?” என்று கேட்டான். பார்த்தேன் என்றேன். நான் பார்த்தது கீழே இருந்த ‘சரிபார்த்தேன்’ என்ற சொல்லை. குறி விழுந்த தாளுக்கு மறுபடி குறி போடுவதில்லை என்பது அலுவலகத்தில் ஊறிய பழக்கம். அவருக்குத் தோலில் ஊறியது போல.

“என் பேர எடுத்துடச் சொல்லுங்க சார்” என்றார் தேவசகாயம். கொட்டகையின் மறுகோடியில் கரீம் பாய் அவருடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாய்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

நான்காம் நாள் ஞாயிறு. கோயில் முடிந்ததும் தேவசகாயம் வேலூருக்கு வந்துவிட்டார். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாது என்று, முந்தின மாலையே ஆள் அனுப்பி ஆற்காட்டிலிருந்து வரவழைத்த மக்கன் பேடா என்ற இனிப்பு ஒரு பெட்டி கையில். வார்டு வாசலில் வியாதி சர்க்கரை என்று நான் சொன்னதும், பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பொறுப்பான நர்ஸ் அம்மா அதை வாங்கிக்கொண்டார்.

“செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். பேஷண்டுக்கு மனசு கஷ்டப்படற மாதிரி ஒண்ணும் பேசக் கூடாது. பத்து நிமிஷம்.”

பார்வையாளர் நேரம் பற்றிய அறிவிப்பில் அரை மணி என்று இருந்தது. நான் சுட்டிக்காட்டவில்லை. சொல்வதா வேண்டாமா என்று நான் அதுவரை முடிவு செய்யவில்லை. செய்கையை உறையில் இட்டு ஒட்டிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பிக்கு உறையைத் தடவிப் பார்க்க மட்டுமே முடியும். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தையைத்தான் பழகிக்கொண்டு வந்தேன்.

தேவசகாயம் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். “பாலன் சார், நான் தேவசகாயம்” என்றார்.

தம்பி கையை நீட்டினான். முகம் மலர்ந்தது. “உங்கட குரல் இப்பிடி இருக்கும் எண்டு நான் நினைக்கேல்லை. இன்னும் தடிச்ச குரலா நினைச்சன்.”

“சார், தப்பு நடந்துட்டுது.”

எனக்கு முந்திக்கொண்டு அவரே எல்லாவற்றையும் சொன்னார். எட்டு, எண்பத்தொன்பது, அரைக்கால், நூற்று முப்பத்தேழு, இருபத்தொன்று. தம்பி குறுக்கிடாமல் கேட்டான். உதடுகள் அசைந்தன, கணக்கு அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினான்.

“அண்ணை, பாத்தனான் எண்டு சொன்னனீங்கள்.”

“பாக்கேல்லை, தம்பி.”

“ஓம்” என்றான்.

ஏச்சுக் கேட்பதற்கு ஆயத்தமாக இருந்தேன். கேட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

“ஆசிரியருக்கு எழுதுங்கோ” என்றான். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். நான்காம் அடி பற்றிய பகுதி பிழை. மூன்றாம் அடி பற்றிய பகுதி சரி. நான்கு உண்டா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியாது; அதைக் கேள்வியாகக் கேட்கிறோம். பிழை யாரால் என்பதையும் எழுத வேண்டும் என்றேன், என் பெயரைச் சொல்லி. வேண்டாம் என்றான். “கட்டுரை எழுதினது ரெண்டு பேர். பிழையும் அந்த ரெண்டு பேரின்ரைதான்.”

“சார், என் பேர் வேணாம் சார்” என்றார் தேவசகாயம்.

“ஏன்? கேள்வி உங்கடை இல்லையோ? நாலு வருசம் கேட்டனீங்கள். பதில் உங்கட விலாசத்துக்கு வரட்டும். எனக்கு வந்தா அண்ணைதானே வாசிக்கவேணும்.”

அது தண்டனையா, வெறும் வசதியா என்று நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை.

மூன்றாம் அடிக் கணக்குகள் ஏழு இருந்தன. தேவசகாயம் ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிச் செய்தார். நான் தனித் தாளில், அவர் தாளைப் பார்க்காமல், மீதி வரை போட்டுப் பார்த்தேன். ஏழும் ஒத்திருந்தன. அதற்குள் அரை மணி தாண்டிவிட்டது. நர்ஸ் அம்மா வாசலில் வந்து நின்றார். தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

“ஒண்டு யோசிச்சுப் பாத்தனீங்களே?” என்று தம்பி தேவசகாயத்தைக் கேட்டான். “மீதியை விட்டுக்கொண்டே போனால், பெருகிப் பெருகி ஓடித் துலையாமல் ஒரு எல்லைக்குள்ளை நிக்கிற எண்ணெல்லாம் ஏதோ ஒரு நாள் ஒரு சுத்துக்குள்ளை வந்து விழத்தான் வேணும். அந்த எல்லைக்குள்ளை இருக்கிற முழு எண்கள் கொஞ்சம்தானே, போக வேற இடம் எங்கை? மீதியை விடாமல் வைச்சிருந்தாத்தான் திரும்பி வாறது அருமை.”

தேவசகாயம் யோசித்தார். “அப்போ நான் புடிச்சதெல்லாம் தானா வந்து மாட்டினதா சார்?”

“ஓம். நல்ல வலை.”

இருவரும் சிரித்தார்கள். நாலு வருடத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான். நான் தம்பியின் விரலைப் பிடித்துக் கையெழுத்து இட வேண்டிய இடத்தில் வைத்தேன். எழுத்து கோட்டுக்கு மேலே ஏறிப் போயிற்று. தேவசகாயம் கீழே தம் பெயரை எழுதினார்.

திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகைச் சீட்டோடு. தபால் குமாஸ்தா அந்தச் சீட்டு தேவையா என்று கேட்டார். தேவை என்றேன். வெளிநாட்டிலிருந்து அது திரும்பி வருவது நிச்சயமில்லை என்றார். தெரியும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை சிகிச்சை நடந்தது. தம்பி அதன் பிறகு பதினொரு நாள் உயிரோடு இருந்தான். வைத்தியர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். நான் தாள்களைக் கேட்டு வாங்கி வரிக்கு வரி பார்த்தேன். அங்கே எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. பாலாற்றங்கரையில் தகனம். தேவசகாயமும் கரீம் பாயும் முதல் பஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள். அயலூரான் ஒருவனுக்கு மயானத்தில் என்னென்ன சீட்டு வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முழு வாழ்க்கையிலும் நான் செய்முறை தெரியாமல் நின்ற ஒரே இடம் அதுதான். கரீம் பாய்தான் ஆளுக்கு ஆள் போய்ப் பேசி முடித்தார்.

“இவன் பேரு அச்சுல வரலன்னா எனக்கு ஒண்ணும் இல்ல சார்” என்று பஸ் நிலையத்தில் என்னிடம் தனியாகச் சொன்னார். “சாப்பிட மாட்டேன்றான். அதைச் சொல்லிட்டுப் போங்க.”

சொன்னேன். தேவசகாயம் தலையாட்டினார்.

ஊர் திரும்பி, தம்பியின் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தேன். ஆசிரியருக்கு இரண்டு நினைவூட்டல் எழுதினேன், முதலாவது பணிவாக. பதில் இல்லை. ஒப்புகைச் சீட்டும் வரவில்லை. கரைத்த கையோடு கொப்பிகளைக் கட்டிப் பரணில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குப் பதிலாக மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நூற்று முப்பத்தெட்டிலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். மிக மெதுவாகச் செய்கிறேன். மீதியை விடுவதில்லை. செய்த தாள்களை ஆம்பூருக்கு அனுப்புவேன். அவர் செய்தவை எனக்கு வரும்.

மாசி முடிவில் அவற்றோடு தேவசகாயத்தின் கடிதமும் வந்தது. “சார், பாலன் சார் சொன்ன மாதிரியே என் விலாசத்துக்கு வந்திருக்குது. எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்காங்க. கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கிட்டது சரியாம். மூணாவது அடியையும், நாலாவது அடி பத்தின கேள்வியையும் ரெண்டு பேர் பேர்லயும் போடறாங்களாம். விடை அவருக்கும் தெரியாதாம். தெரிஞ்ச யாரையும் தெரியாதாம். கையெழுத்து கோணலா இருக்குதுன்னு நீங்க எழுதினதுக்கு, நல்லா படிக்க முடிஞ்சதுன்னு எழுதியிருக்காரு. பாலன் சாருக்கு உடம்பு இப்ப எப்படின்னு கேட்டிருக்காரு. அதுக்கு நான் பதில் எழுதணுமா, நீங்க எழுதறீங்களா?”

நீங்களே எழுதுங்கள் என்று எழுதினேன். நான்கு உண்டா என்று அதன் பிறகு நான் கேட்டவர்களில் எவருக்கும் இதுவரை தெரியவில்லை. ஆசிரியரின் பதில் ஆம்பூருக்கு வந்து சேர்ந்தது 1979 மார்ச் 6, செவ்வாய்க்கிழமை.